தாழ்ந்தும் மெதுவாகவும்: அமெரிக்க மெக்சிகர்களின் லோரைடர் கார்க்கலையும் வீதியுரிமையும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களில் வாழும் மெக்சிகோ வழிவந்த மக்கள் இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் வளர்த்தெடுத்த கார்க்கலை ‘லோரைடர்’ எனப்படுகிறது. இதனைச் சமூக அடையாளத்தின் கொண்டாட்டமாக மட்டும் விளக்குவது இன்று பெருவழக்காகியுள்ளது. அவ்விளக்கம் பிழையன்று, ஆயினும் போதாது. இக்கலையின் வடிவம், இயக்கம், அரங்கு ஆகிய மூன்றும் தடைச்சட்டங்களோடு நிகழ்ந்த நெடிய இழுபறியில் உருவானவை என்பதையும், வீதியில் மெதுவாகச் செல்லுதல் இக்கலையின் புறச்சூழலன்று, அதன் உறுப்பே என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: லோரைடர், சிக்கானோ கலை, வீதியுலா, விட்டியர் புலவார்டு, ஜிப்சி ரோஸ், அருங்காட்சியகம்

முன்னுரை

2017ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரின் நேஷனல் மால் என்னும் பொதுவெளியில் ஒரு கண்ணாடிக் கூண்டு நிறுவப்பட்டது. அதனுள் இளஞ்சிவப்பு நிறத்தில், உடலெங்கும் ரோசா மலர்கள் தீட்டப்பட்ட, 1964ஆம் ஆண்டுத் தயாரிப்பான செவர்லே இம்பாலா கார் ஒன்று நின்றது. ‘ஜிப்சி ரோஸ்’ எனப் பெயரிடப்பட்ட அக்கார் அமெரிக்காவின் தேசிய வரலாற்று ஊர்திகள் பதிவேட்டில் இடம்பெற்ற முதல் லோரைடர் ஆகும். நாட்டின் நினைவுச்சின்னங்கள் சூழ்ந்த வெளியில், கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் உழைக்கும் மக்கள் குடியிருப்பிலிருந்து வந்த கார் காட்சிக்கு வைக்கப்பட்டமை ஓர் ஏற்பாகவே கொள்ளப்பட்டது.

ஆனால் அதே ஆண்டில், அக்கார் பிறந்த கலிஃபோர்னியா மாநிலத்தில் இருந்த நிலை வேறு. அங்கு, காரின் எப்பகுதியாயினும் சக்கர வளையத்தின் கீழ்விளிம்பைவிடத் தாழுமாறு மாற்றியமைத்து ஓட்டுவது 1958 முதல் குற்றமாக இருந்துவந்தது. கார்கள் ஒரே வீதியில் திரும்பத் திரும்ப மெதுவாகச் செல்வதைத் தடைசெய்யும் அதிகாரமும் நகராட்சிகளிடம் இருந்தது. இவ்விரு தடைகளும் 2024 சனவரி முதல் நாளில்தான் நீங்கின. தலைநகரில் கண்ணாடிக்குள் போற்றப்பட்ட ஒரு கலை, சொந்த ஊரின் தெருவில் தண்டத்துக்குரியதாக இருந்தது. இந்த முரணிலிருந்துதான் லோரைடர் கலையைப் பற்றிய கேள்விகள் தொடங்க வேண்டும்.

இத்துறையில் ஆழமான ஆய்வுகள் நிகழ்ந்துள்ளன. டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் களப்பணி செய்த பென் சாப்பெல் 2012இல் வெளியிட்ட நூலில், லோரைடர்கள் வெளியில் நகரும் பொருள்கள் மட்டுமல்ல, வெளியையே உருவாக்குபவை என்று வாதிட்டார். கலிஃபோர்னியாவின் டெனிஸ் சாந்தோவால் ஆய்வாளராகவும் காட்சிப் பொறுப்பாளராகவும் இக்கலையை அருங்காட்சியகங்களுக்குக் கொண்டுசென்றவர். இவர்களுடைய பார்வைகளை உள்வாங்கி, சட்டத்துக்கும் வடிவத்துக்கும் உள்ள உறவை இக்கட்டுரை முதன்மைப்படுத்துகிறது.

சொல்லும் பொருளும்

லோரைடர் என்னும் சொல் காரையும் குறிக்கும். அதனை உருவாக்கி ஓட்டுபவரையும் குறிக்கும். ஆளும் ஊர்தியும் ஒரே பெயரால் சுட்டப்படுவது தற்செயல் அன்று. தமிழில் இதனைத் ‘தாழ்வூர்தி’ என ஆக்கிக்கொள்ள இயலும். ஆனால் ‘தாழ்வு’ என்பது தமிழில் இழிவையும் உணர்த்துவதால் பொருள் தலைகீழாகும் இடர் உண்டு. இம்மக்களிடையே தாழ்ந்திருத்தல் பெருமைக்குரியது. தாழ்வாகவும் மென்மையாகவும் செல்லுதல் என்னும் கருத்தைத் தரும் ‘பஹீத்தோ இ ஸ்வாவெசீத்தோ’ என்ற ஸ்பானியத் தொடர் இக்கலையின் முழக்கமாகவே வழங்குகிறது. ஆகவே ‘லோரைடர்’ என்னும் சொல்லே இங்கு ஆளப்படுகிறது. மாறாக, லோரைடர்கள் மாலை வேளைகளில் வீதியில் மெதுவாக வரிசையாய்ச் செல்வதைக் குறிக்க ‘வீதியுலா’ என்ற தமிழ்ச்சொல் நன்கு பொருந்துகிறது. உலாப் போதல் என்பதில் காண்போரும் அடக்கம். பார்ப்பதற்கு ஆளில்லாத உலா உலாவாகாது.

‘சிக்கானோ’ என்ற சொல்லுக்கும் ஒரு விளக்கம் தேவை. முன்பு இழிவழக்காக வழங்கிய இச்சொல்லை 1960களின் குடியுரிமைப் போராட்டக் காலத்தில் மெக்சிகோ வழிவந்த அமெரிக்க இளைஞர்கள் தம் அரசியல் அடையாளமாக ஏற்றனர். லோரைடர் மரபு அதற்கும் மூத்தது. போராட்டம் வந்தபோது அதற்குரிய ஊர்தி ஆயத்தமாய் நின்றது எனலாம்.

தடைச்சட்டம் பிறப்பித்த பொறி

1940களில் லாஸ் ஏஞ்சல்ஸின் மெக்சிகோ வழி இளைஞர்கள் பழைய செவர்லேக்களை வாங்கி, பின்பெட்டியில் மணல் மூட்டைகளையோ செங்கற்களையோ ஏற்றிக் காரின் பின்புறத்தைத் தாழ்த்தினர். பின்னர்ச் சுருள்வில்களை வெட்டிக் குறுக்கும் முறை வந்தது. இதே காலத்தில் வெள்ளையர் இளைஞர்களிடையே வேகத்தை நோக்கமாகக் கொண்ட ‘ஹாட் ராட்’ பண்பாடு பரவிக்கொண்டிருந்தது. அவர்கள் எஞ்சினை முடுக்கினர். இவர்கள் ஓட்டத்தைத் தளர்த்தினர். மிகை அகல உடையணிந்த மெக்சிகோ வழி இளைஞர்களை 1943 சூனில் படைவீரர்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் தெருக்களில் தேடித் தாக்கிய நிகழ்வு அண்மை நினைவாக இருந்த காலம் அது. அந்நகரில், மினுங்கும் காரில் அவசரமின்றிச் சென்று எல்லோரும் பார்க்குமாறு தம்மைக் காட்டிக்கொள்வது எளிய செயல் அன்று.

மாநில அரசு 1958இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த சட்டப்பிரிவு இவ்வழக்கத்தின் மீது விழுந்தது. சக்கர வளையத்தின் அடிவிளிம்பே எல்லையாயிற்று. காவலர் ஒருவர் சாலையில் நிறுத்தி அளந்து பார்த்துத் தண்டம் விதிக்கலாம். வில்லை வெட்டித் தாழ்த்திய கார் எப்போதும் தாழ்ந்தே இருக்கும். காவலரைக் கண்டதும் அதனை உயர்த்த வழியில்லை.

விடை பட்டறையிலிருந்து வந்தது. ரான் அகிர்ரே என்னும் இளைஞர் 1959இல் தம் ‘எக்ஸ்-சோனிக்’ காரில், விமானங்களில் பயன்பட்ட ஹைட்ராலிக் பம்புகளையும் வால்வுகளையும் பொருத்தினார். அதன் இயக்கம் எளிது: பின்பெட்டியில் உள்ள மின்கலங்களால் சுழலும் மோட்டார் பம்பை இயக்கும், பம்பு எண்ணெயை அழுத்தத்துடன் சக்கரங்களருகில் உள்ள உருளைகளுக்குச் செலுத்தும், உருளையின் தண்டு நீளக் காரின் உடல் உயரும். வால்வைத் திறந்தால் எண்ணெய் தொட்டிக்குத் திரும்ப, உடல் தரையை நோக்கி இறங்கும். ஓட்டுநரின் கையருகே இருக்கும் சுவிட்சு ஒன்றே போதும். காவலர் வரும்போது சட்டத்துக்குட்பட்ட உயரம். அவர் சென்றபின் விருப்பப்பட்ட தாழ்வு.

1958 முதல் 1964 வரையிலான இம்பாலாக்கள் லோரைடர் உலகில் தனியிடம் பெற்றதற்கு அவற்றின் அடிச்சட்டகமும் ஒரு காரணம். எக்ஸ் எழுத்தின் வடிவில் நடுவே குறுகிய அச்சட்டகம், பக்கங்களில் தடையின்றி உடலைத் தாழ்த்த இடமளித்தது. அழகியல் தேர்வு எனத் தோன்றுவது பலநேரங்களில் பொறியியல் தேர்வாகவும் அமைந்துவிடுகிறது.

சட்டத்தை ஏய்க்க வந்த கருவி விரைவிலேயே தனிக்கலையானது. ஒரு மூலையை மட்டும் தூக்குவது, மூன்று சக்கரங்களில் ஓட்டுவது, முன்புறத்தைத் துள்ளவைப்பது என அதன் வித்தைகள் பெருகின. இன்று போட்டிகளில் கார்கள் பல அடி உயரம் துள்ளுவதைக் காண்போர் அதனை வெறும் கேளிக்கையாக எண்ணக்கூடும். அத்துள்ளலுக்குள் ஒரு தடைச்சட்டம் ஒளிந்திருக்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டம் இல்லாதிருந்தால் லோரைடர் அசையாத தாழ்நிலைக் காராகவே நின்றிருக்கலாம். அசைவுடைய சிற்பமாக அது மாறியதில் அதனைத் தடுக்க நினைத்தவர்களுக்கும் பங்குண்டு.

வண்ணம் என்னும் கைவினை

லோரைடரின் வண்ணப்பூச்சு ஆழமுடையதாகத் தோன்றும். இதற்கான முறை ‘கேண்டி’ எனப்படும். முதலில் வெள்ளி அல்லது பொன்நிற உலோகத் துகள் கலந்த அடிப்பூச்சு தரப்படும். அதன்மேல் ஒளி ஊடுருவும் நிறமெழுகு போன்ற பூச்சுகள் பல அடுக்குகளாகத் தெளிக்கப்படும். இறுதியில் நிறமற்ற பூச்சு இடப்பட்டு, நீரும் நுண்தாளும் கொண்டு தேய்த்து மெருகேற்றப்படும். ஒளி மேலடுக்குகளைக் கடந்து அடியிலுள்ள உலோகத்தில் பட்டுத் திரும்பி வருவதால், நிறம் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தெரியும். ஒவ்வொரு அடுக்கும் நிறத்தை அடர்த்தியாக்குமாதலால் கை சற்றே பிசகினாலும் திட்டாகிவிடும். பழுதான இடத்தை மட்டும் திருத்துவது மிகக் கடினம்.

இதனோடு வேறு நுட்பங்களும் சேர்கின்றன. பின்னல் துணியை இழுத்துக் கட்டி அதன்மேல் வண்ணம் தெளித்துப் பின் துணியை அகற்றினால், துணியின் பூவேலை காரின் கூரையில் பதிந்திருக்கும். வீட்டின் மேசைவிரிப்பு தெருவில் ஓடும் இரும்பின்மேல் ஏறும் அந்த இடமாற்றம் கவனத்திற்குரியது. மயிரிழைத் தூரிகையால் தடுமாற்றமின்றி இழுக்கப்படும் மெல்லிய கோடுகள், செதுக்கிய குரோமியத் தகடுகள், நசுக்கிய வெல்வெட்டு இருக்கைகள், பதின்மூன்று அங்குலக் கம்பிச் சக்கரங்கள் எனப் பட்டியல் நீளும். காற்றுத் தூரிகையால் தீட்டப்படும் உருவங்களில் குவாதலூப்பே அன்னை, அஸ்தெக் வீரர்கள், மறைந்த உறவினரின் முகங்கள் ஆகியன மிகுதி. அஸ்தெக் வீரன் மயங்கிய இளவரசியை ஏந்திநிற்கும் காட்சி மெக்சிகோ ஓவியர் ஹெசூஸ் எல்கேராவின் நாட்காட்டி ஓவியங்கள் வழியே வீடுகளில் பரவிப் பின்னர்க் காரின் முன்மூடிகளுக்கு வந்தது.

தோமாஸ் இபார்ரா-ஃபிராவ்ஸ்தோ 1989இல் எழுதிய கட்டுரையில், கையில் கிடைப்பதைக் கொண்டு சமாளித்து அதிலேயே அழகைப் படைக்கும் எளியோரின் மனப்பாங்கை ‘ரஸ்குவாச்சிஸ்மோ’ என்னும் கருத்தாக வகுத்தார். லோரைடரை இக்கருத்தின் சான்றாகக் காட்டுவோர் பலர். பழைய காரும் விமானப் பம்பும் இதற்கு நன்றாகவே பொருந்துகின்றன. ஆனால் பிழையற்ற மெருகையும் பெரும் செலவையும் கோரும் கேண்டிப் பூச்சு ‘சமாளிப்பு’ என்ற சொல்லுக்குள் முழுதும் அடங்காது. மெருகில் காட்டப்படும் இந்தப் பிடிவாதத்தை, குறைவானதே நமக்குப் போதும் என ஒப்புக்கொள்ள மறுக்கும் செயலாகக் காண்பதே தகும். கோட்பாடு இங்குச் சற்றுப் பின்தங்கிவிடுகிறது.

ஜிப்சி ரோஸ்

ஜெஸ்ஸி வலாதெஸ் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் ‘இம்பீரியல்ஸ்’ கார்ச் சங்கத்தைச் சேர்ந்தவர். புகழ்பெற்ற மேடைக் கலைஞர் ஜிப்சி ரோஸ் லீயின் பெயரைத் தம் காருக்குச் சூட்டினார். அவருடைய முதல் ஜிப்சி ரோஸ் 1963ஆம் ஆண்டு இம்பாலா. அது சிதைவுற்றபின் 1964ஆம் ஆண்டுக் காரில் இரண்டாவதை உருவாக்கினார். வண்ணமும் மலர்களும் வால்ட் பிரேயின் கைவண்ணம். உள்ளே இளஞ்சிவப்பு வெல்வெட்டும் தொங்குவிளக்கும் அமைந்தன. 1974இல் தொடங்கிய ‘சிக்கோ அண்ட் த மேன்’ என்ற தொலைக்காட்சித் தொடரின் தொடக்கக் காட்சியில் இக்கார் தோன்றியதால் நாடெங்கும் அறியப்பட்டது.

ரோசா மலர் இங்கு எளிய அலங்காரம் அன்று. குவாதலூப்பே அன்னையின் அருட்செயலாகக் கூறப்படும் கதையில், குளிர்காலத்தில் பூத்த ரோசாக்களே சான்றாகின்றன. மேடை நடனக் கலைஞரின் பெயரும் அன்னையின் மலரும் ஒரே உடலில் கூடிய கார் அது. தூயதும் களிப்பும் தனித்தனி அறைகளில் வைக்கப்படாத ஒரு மக்கள் அழகியல் இதில் தெரிகிறது. ஆண்கள் மிகுந்த ஓர் உலகத்தில் இளஞ்சிவப்பும் பூக்களும் ஆண்மையின் பெருமைக்குரிய அடையாளங்களாயின என்பதும் எண்ணத்தக்கது.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சான் ஹோசே நகரில் 1977இல் மாணவர்கள் சிலர் தொடங்கிய ‘லோரைடர்’ இதழ் இக்கலையைப் பரப்பிய பெரும் ஊடகம். சமூகச் செய்திகளோடு தொடங்கிய அவ்விதழின் அட்டைகளில் நாளடைவில் நீச்சலுடைப் பெண்கள் காரின் அணிகலன்போல் நிறுத்தப்பட்டனர். பெண் லோரைடர்களும் பெண்களின் கார்ச் சங்கங்களும் இருந்தபோதும் இதழின் பார்வை அவர்கள்மேல் நெடுநாள் படவில்லை. கலைஞர் லிஸ் கோஹன் இதற்கு நேரடியாகவே முகங்கொடுத்தார்: கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட் காரை ஹைட்ராலிக் துணையுடன் அமெரிக்க எல் கமினோவாக மாறும் ஊர்தியாக வடிவமைத்தார். பட்டறை வேலையைத் தாமே கற்றுச் செய்ததோடு, அருகே நிற்கும் நீச்சலுடை உருவமாகவும் தாமே நின்று படமெடுத்துக்கொண்டார். அச்சிதழாக வந்த ‘லோரைடர்’ 2019 இறுதியோடு நின்றது.

வீதி மூடப்படுதல்

விட்டியர் புலவார்டு கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் முதன்மை வீதி. ‘தீ மிட்நைட்டர்ஸ்’ இசைக்குழு 1965இல் அவ்வீதியின் பெயரிலேயே ஒரு பாடலை வெளியிடும் அளவுக்கு அதன் உலா புகழ்பெற்றிருந்தது. அருகிலிருந்த குடியிருப்புகளைக் கிழித்துக்கொண்டு நெடுஞ்சாலைகள் பின்னிப் பிணைந்து எழுந்த காலமும் அதுவே. வேகத்துக்கான சாலைகள் மக்களை வீட்டிலிருந்து பெயர்க்க, எஞ்சிய வீதியில் அம்மக்கள் மெதுவாகச் சென்றனர்.

அதே வீதியில் 1970 ஆகஸ்டு 29 அன்று, வியட்நாம் போருக்கு எதிரான சிக்கானோ பேரணி கலைக்கப்பட்ட நாளில், இதழாளர் ரூபென் சலசார் ‘சில்வர் டாலர்’ விடுதியில் அமர்ந்திருந்தபோது, ஷெரிஃப் துறையினர் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு தாக்கி இறந்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1979இல், ஷெரிஃப் துறை அவ்வீதியை உலாவுக்கு மூடியது. நெரிசல், சண்டை, வணிக இழப்பு ஆகியன காரணங்களாகக் கூறப்பட்டன. அவை முற்றிலும் புனைவல்ல. ஆனால் சிலரின் குற்றத்துக்காக ஒரு வீதியின் பொதுவழக்கமே முடக்கப்பட்டது என்பதை அங்கு வாழ்ந்தோர் மறக்கவில்லை.

ஓவியர் ஃபிராங்க் ரொமேரோ இவ்விரு நிகழ்வுகளையும் தீட்டினார். ‘விட்டியர் புலவார்டின் மூடல்’ என்னும் 1984ஆம் ஆண்டு ஓவியத்தில் காவலர்கள் இரவில் வீதியை மறித்து நிற்க, ஒளிவண்ணக் கார்கள் அவர்களை எதிர்கொள்கின்றன. ‘ரூபென் சலசாரின் மரணம்’ 1986இல் வரையப்பட்டு இன்று ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், வீதி மூடலை ஒரு போக்குவரத்து நடவடிக்கையாக ரொமேரோ கருதவில்லை என்பது புலனாகும். குண்டு பாய்ந்த வீதியும் தடுப்பு எழுந்த வீதியும் அவருக்கு ஒன்றே.

காரிலிருந்து சுவருக்கும் சிற்பத்துக்கும்

ரொமேரோ, கில்பர்ட் ‘மகூ’ லுஹான், கார்லோஸ் அல்மராஸ், ராபர்த்தோ தெ லா ரோச்சா ஆகிய நால்வரும் ‘லோஸ் ஃபோர்’ என்ற பெயரில் இயங்கினர். லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டக் கலை அருங்காட்சியகம் 1974இல் நடத்திய அவர்களுடைய காட்சி, பெரிய அருங்காட்சியகம் ஒன்றில் சிக்கானோ கலைக்குக் கிடைத்த முதல் இடமாகக் கருதப்படுகிறது. லுஹானின் கலையில் கார் கிட்டத்தட்ட ஒரு குடும்ப உறுப்பினர். 1999இல் திறக்கப்பட்ட ஹாலிவுட்-வைன் சுரங்க இரயில் நிலையத்தை வடிவமைத்த அவர், அங்குள்ள இருக்கைகளுக்கு லோரைடர் வடிவம் தந்தார். கார் இல்லாதோர் காத்திருக்கும் இடத்தில் அமரக் கிடைக்கும் கார்! 1984 ஒலிம்பிக்கை ஒட்டி ரொமேரோ நெடுஞ்சாலைச் சுவரில் தீட்டிய ‘ஒலிம்பிக்குக்குச் செல்லுதல்’ ஓவியத்திலும் கார்களே கதைமாந்தர். அது 2007இல் மேற்பூச்சால் மறைக்கப்பட்டுப் பின்னர் மீட்கப்பட்டது.

சான் டியேகோவின் சிக்கானோ பூங்கா இன்னொரு சான்று. பாரியோ லோகன் என்னும் குடியிருப்பை நெடுஞ்சாலை பிளந்தபின், 1969இல் திறக்கப்பட்ட கொரொனாடோ பாலத்தின் தூண்கள் அதன் நடுவே எழுந்தன. பாலத்தடியில் பூங்காவுக்கென எதிர்பார்த்த நிலத்தில் நெடுஞ்சாலைக் காவல்நிலையம் அமையவிருப்பதை அறிந்த மக்கள் 1970 ஏப்ரல் 22 அன்று அங்கு நுழைந்து மண்ணைக் கைப்பற்றினர். 1973 முதல் தூண்களில் ஓவியங்கள் எழுந்தன. ஆண்டுதோறும் நடக்கும் பூங்கா நாளில் அத்தூண்களுக்கிடையே லோரைடர்கள் அணிவகுக்கின்றன. மேலே கார்கள் விரைகின்றன. கீழே கார்கள் நிற்கின்றன. இவ்விடத்தைப் புரிந்துகொள்ள வேறு விளக்கம் மிகையாகும். இது தற்போது தேசிய வரலாற்றுச் சின்னம்.

ரூபென் ஓர்திஸ் தோரெஸ் 1997இல் படைத்த ‘ஏலியன் டாய்’ இன்னும் கூர்மையானது. எல்லைக் காவல்படை ஊர்திபோல் வண்ணமிடப்பட்ட சிறு சரக்குந்து, ஹைட்ராலிக் கலைஞர் சல்வதோர் முன்யோஸின் துணையுடன் துண்டுதுண்டாகப் பிரிந்து சுழன்றாடுகிறது. குடியேறியவரையும் வேற்றுக்கோளாரையும் ஆங்கிலம் ஒரே சொல்லால் சுட்டுவதை வைத்து நிகழும் பகடி அது. மக்களைத் துரத்தும் வண்டியை அம்மக்களின் பொறிநுட்பமே ஆட்டுவிக்கிறது.

கார்ப்பூச்சின் மெருகைச் சிற்பத்துக்குக் கொண்டுவந்தவருள் எல் பாசோவில் பிறந்த லூயிஸ் ஹிமேனெஸ் முதன்மையானவர். விளம்பரப் பலகைப் பட்டறை நடத்திய தந்தையிடம் வேலை பழகிய அவர், வெண்கலத்தையும் பளிங்கையும் விடுத்து, பளபளக்கும் பூச்சுத் தெளித்த ஃபைபர்கிளாஸில் உருவங்களைப் படைத்தார்.

சிமாயோவின் கார்

நியூ மெக்சிகோ மாநிலத்தின் வடபகுதியில் லோரைடருக்கு வேறு முகம் உண்டு. எஸ்பன்யோலா நகரம் தன்னை உலகின் லோரைடர் தலைநகர் என அழைத்துக்கொள்கிறது. அதனருகில் உள்ள சிமாயோ, திருமண்ணுக்காக மக்கள் நடைப்பயணமாக வரும் பழைய ஆலயத்தால் அறியப்பட்டது. மரத்தில் புனிதர் உருவங்களைச் செதுக்கும் நெடிய மரபு கொண்ட நிலம் இது. சாந்தா ஃபேயைச் சேர்ந்த லூயிஸ் டாப்பியா அம்மரபில் நின்றபடியே காரின் முன்பலகையை மரத்தில் செதுக்கினார். கண்ணாடியில் தொங்கும் செபமாலையும் மேலே நிற்கும் புனிதர் உருவமும் அதில் இடம்பெற்றன. காரின் உட்புறம் சிறுகோயிலாக இருப்பதை அம்மக்கள் முன்பே அறிந்திருந்தனர். டாப்பியா அதனைக் கட்டைவிரல் அழுத்தத்தில் மரத்துக்குள் கொண்டுவந்தார்.

சிமாயோவைச் சேர்ந்த டேவ் ஹராமியோ 1970களில் 1969ஆம் ஆண்டு ஃபோர்டு எல்டிடி கார் ஒன்றை லோரைடராக மாற்றத் தொடங்கினார். 1978இல் கார் விபத்தில் இறந்தார். மனைவியும் உறவினரும் ஊர்க் கலைஞர்களின் துணையோடு அந்தக் காரை முடித்து, அவர் நினைவாகக் காட்சிகளுக்கும் அணிவகுப்புகளுக்கும் கொண்டுசென்றனர். ‘டேவின் கனவு’ எனப்பெற்ற அக்கார் 1990இல் ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. லோரைடரைத் தனிமனிதப் பகட்டாகக் காண்போர் இக்காரின் வரலாற்றை எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் தொடங்கியதைப் பல கைகள் முடித்தன. துக்கத்தின் ஒரு பகுதி மெருகேற்றும் வேலையாயிற்று.

இந்நிலப்பகுதிகளுக்கு அப்பாலும் இக்கலை பரவியது. லாஸ் ஏஞ்சல்ஸின் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் தொடக்கக் காலம் முதலே தமக்கெனக் கார்ச் சங்கங்களையும் வீதிகளையும் கொண்டிருந்தனர். ஜப்பானிலும் இன்று லோரைடர்கள் உண்டு. ஆகவே இதனை ஓரினத்தின் தனியுடைமையாகக் கட்டிவைக்க முடியாது. தோற்ற வரலாற்றைச் சொல்வதும் உடைமை கோருவதும் வேறு வேறு.

நிற்கும் காரும் ஓடும் காரும்

லாஸ் ஏஞ்சல்ஸின் பீட்டர்சன் ஊர்தி அருங்காட்சியகம் 2000, 2007, 2017 ஆகிய ஆண்டுகளில் லோரைடர்களுக்கெனத் தனிக்காட்சிகளைத் தொடங்கியது. சாந்தோவால் இவற்றில் பெரும்பங்காற்றினார். நியூ மெக்சிகோ வரலாற்று அருங்காட்சியகமும் 2016இல் வடபகுதியின் கார்ப் பண்பாட்டைக் காட்சிப்படுத்தியது. இவை நிகழாதிருந்தால் பல கலைஞர்களின் பெயர்கள்கூட எஞ்சியிரா. எனினும் அருங்காட்சியகத்தால் ஒன்றைக் காட்ட இயலாது. மேடையில் நிற்கும் காரின் கேண்டிப் பூச்சு ஓரிடத்து விளக்கொளியில் ஒரு நிறத்தையே தரும். மாலை வெயிலிலும் கடைவிளக்குகளிலும் மணிக்குச் சில மைல் வேகத்தில் நகரும்போதுதான் அடுக்குகள் ஒவ்வொன்றாக ஒளிமாறும். மெதுவாகச் செல்லாவிடில் நடைபாதையில் நிற்பவரால் மலரை எண்ண முடியாது. ஓட்டுபவரும் அவரை முகம்பார்த்துத் தலையசைக்க முடியாது. ஆகவே வேகக்குறைவு ஒரு பாவனையன்று. அப்பூச்சு கோரும் காண்முறை. உலாவைத் தடைசெய்வது ஓவியத்தை வைத்துக்கொண்டு விளக்கை அணைப்பதற்கு நிகர்.

தடையை நீக்கக் கோரியவர்கள் இதனைத் தெளிவாகவே உணர்ந்திருந்தனர். சான் டியேகோவை அடுத்த நேஷனல் சிட்டி 1992இல் ஹைலண்ட் அவென்யூவில் உலாவைத் தடைசெய்தது. சான் ஹோசேயும் சாக்ரமென்டோவும் 2022இல் தத்தம் தடைகளை விலக்கிக்கொண்டன. நேஷனல் சிட்டி 2023இல் விலக்கியது. அவ்வாண்டு அக்டோபரில் ஆளுநர் கையொப்பமிட்ட 436ஆம் எண் சட்டமன்ற மசோதா, நகராட்சிகளின் தடை அதிகாரத்தையும் 1958ஆம் ஆண்டு முதலான உயரக் கட்டுப்பாட்டையும் ஒருங்கே நீக்கியது. இதற்காகக் கார்ச் சங்கத்தினர் கருத்துரைக்கும் கூட்டங்களுக்குத் தொடர்ந்து சென்றனர். தம் கலையின் அழகைக் காட்டிலும், தம்மைக் காவலர் நிறுத்திய அனுபவங்களையும் சங்கங்கள் செய்துவரும் உணவு, பொம்மை வழங்கல் பணிகளையுமே அவர்கள் முன்வைக்க வேண்டியிருந்தது. கலை என்று நிறுவினால் அருங்காட்சியகம் திறக்கும். தெரு திறக்க வேண்டுமெனில் நன்னடத்தையை நிறுவ வேண்டும். ஏனைய ஓட்டுநர்களிடம் எவரும் கேளாத சான்று அது.

ஹைட்ராலிக் பொறி மட்டும் சட்டம் போனபின்னும் தங்கிவிட்டது. காவலரின் அளவுகோலுக்கு அஞ்சிக் காரை உயர்த்த வேண்டிய தேவை கலிஃபோர்னியாவில் இப்போது இல்லை. ஆயினும் வீதியுலாவில் லோரைடர்கள் நாற்சந்தி விளக்கருகே நிற்கும்போது, முன்புறம் எழுந்து, தாழ்ந்து, மீண்டும் எழுகிறது.